வாங்காமல் விட்ட சாமான்கள்

எங்கள் வீட்டில் மின்விசிறி கிடையாது. கம்பளிக் கோட்டு மூன்று இருந்தன. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. முதலியார்பேட்டையில், மில்லுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்த மூன்று பேருக்குக் கம்பளிக் கோட்டு எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. தெருவில் எல்லாருக்கும் தெரியும், நாங்கள் பிரான்சுக்குப் போகப் போகிறவர்கள். நான் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முன்பே போகப் போகிறவர்களாக இருந்தோம். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் போகப் போகிறவர்களாகவே இருந்தோம்.

இதற்கு மூலகாரணம் பெரியப்பா. அப்பாவின் ஒரே அண்ணன். சின்ன வயதிலேயே பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, சேர்ந்து, அந்த நாட்டுப் பிரஜையாகி, பாரிசுக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு இருந்தார். அங்கே கோடை விடுமுறை விடும்போது, அதை வக்கான்ஸ் என்பார்கள், ஒன்று விட்டு ஒரு வருஷம் ஊருக்கு வருவார். வருவது எப்போதும் ஆடி மாதத்தில். வந்த மறுநாள் காலையில் எங்கள் வீட்டில் சாமான் பார்க்கிற வேலை நடக்கும்.

அது எங்கள் வீட்டுக்கென்றே இருந்த ஒரு சடங்கு. அம்மா அதிகாலையிலேயே தலைக்குக் குளித்துவிடுவாள். வீட்டில் இருக்கிற அத்தனை பொருளையும் கூடத்துக்குக் கொண்டுவந்து பரப்பி வைப்பாள். அலுமினியக் குண்டான், பித்தளை அண்டா, மண்ணெண்ணெய் ஸ்டவ், பாய், தலையணை, டிரங்குப் பெட்டி, அப்பாவின் சைக்கிள் வரைக்கும். பெரியப்பா, எங்கள் வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். அம்மா ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவாள்.

"இது, மாமா?"

"வேணாம்மா. யாருக்காவது குடுத்துடு. அங்க எல்லாம் இருக்கு."

கூட வருகிற சாமான் ஜன்னல் பக்கம். யாருக்காவது கொடுக்கிற சாமான் கதவுப் பக்கம். எங்கள் அண்டா கதவுப் பக்கம் போய்ப் போய்த் தரையில் ஒரு வட்டமே விழுந்திருந்தது. ஜன்னல் பக்கம் போவது அநேகமாக மஞ்சள்தூள், சாமிப் படம், இட்லித் தட்டு. இட்லித் தட்டு மட்டும் அங்கே கிடைக்காதாம். பாரிசில் எல்லாம் இருக்கிறது, இட்லித் தட்டுதான் இல்லை என்று எனக்குச் சின்ன வயதில் ஒரு பெருமைகூட இருந்தது.

பிறகுதான் முக்கியமான பகுதி. பெரியப்பா காப்பியைக் குடித்துவிட்டு, "சரி, என்னென்ன வாங்கலாம்னு இருக்கீங்க?" என்று கேட்பார். அம்மா தயங்கித் தயங்கிச் சொல்வாள். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பார். பீரோவா, இரும்பையா கப்பலில் ஏற்ற முடியும்? கட்டிலா, அங்கே மெத்தையோடு வீடு தருவார்கள். மிக்ஸியா, அங்கே பிளக்கு வேறு, சொருகவே முடியாது. ஃபேனா? அதற்கு அவர் பதிலே சொல்ல மாட்டார், சிரிப்பார். பனி கொட்டுகிற ஊருக்குப் போகிறவர்கள் ஃபேன் வாங்குவார்களா என்று அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்கும்போது அவள் கழுத்தில் வேர்க்குரு சிவந்து கிடக்கும்.

அப்பா இந்தச் சடங்கில் வாயே திறக்க மாட்டார். சைக்கிளை உள்ளே கொண்டுவந்து நிறுத்துவார், சாயங்காலம் எடுத்து வெளியே வைப்பார். அவ்வளவுதான் அவர் பங்கு. அண்ணனுக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டோம்.

பெரியப்பா வராத வருஷங்களில் அம்மா தானே சாமான் பார்ப்பாள். அது இன்னும் கொடுமை. பெரியப்பாவாவது சில நேரம் ஏமாந்து ஒன்றிரண்டுக்குச் சரி சொல்லிவிடுவார். அம்மாவிடம் அந்த இரக்கமெல்லாம் நடக்காது. எதை வாங்கக் கூடாது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு ருசி வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் புதிதாக ஒரு பீரோ வந்து இறங்கினால் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பாவம், இதையெல்லாம் எப்படித்தான் தூக்கிட்டுப் போவாங்களோ" என்பாள். அவர்கள் எங்கேயும் போகவில்லை. அவர்கள் அங்கேயே பிறந்து அங்கேயே இருக்கிறவர்கள். அதை அவளுக்கு எடுத்துச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை.

மாவாட்ட எங்களிடம் ஆட்டுக்கல் இல்லை. வீட்டுக்காரம்மா வீட்டுக்கு அரிசியைத் தூக்கிக்கொண்டு போவோம். அந்த அம்மா முகம் சுளிக்க மாட்டார், ஆனால் சொல்லாமலும் விட மாட்டார். "போறவரைக்கும் ஆட்டிக்க. எப்பத்தான் போறீங்க?" என்பார். அம்மா, "இந்த மார்கழிக்குள்ள ஆயிடும்க்கா" என்பாள். எந்த மார்கழி என்று அவளுக்கும் தெரியாது. மில்லில் அப்பாவோடு வேலை செய்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் மனை லாஸ்பேட்டையில் வாங்கிப் போட்டார்கள். அப்போது அங்கே முந்திரி மரமும் செம்மண்ணும்தான். அப்பா ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாக, "நாமளும் ஒண்ணு வாங்கிப் போட்டா என்ன?" என்றார். அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். "மண்ண வாங்கி என்னங்க பண்றது? மடிச்சி எடுத்துட்டுப் போவீங்களா?" அப்பா அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

என் கோட்டு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அது பெரியப்பா மகளுக்குச் சின்னதாகிப்போன கோட்டு. அந்துருண்டை போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பாள் அம்மா. சாமான் பார்க்கிற அன்று எனக்கு மாட்டிவிட்டுப் பார்ப்பாள். முதல் தடவை என் கை உள்ளே எங்கேயோ இருந்தது. அடுத்தடுத்து மணிக்கட்டு வெளியே வந்தது, பிறகு முழங்கைக்குப் பாதி வந்தது. பெரியப்பா அடுத்த முறை இன்னொன்று கொண்டுவந்தார். அதுவும் சின்னதாகிவிட்டது. ஆடி வெயிலில் கழுத்துவரைக்கும் பொத்தான் போட்டுக்கொண்டு நிற்கும்போது எனக்கு அழுகையாக வரும். "கொஞ்சம் நில்லுடி, பாத்துக்கறேன்" என்று அம்மா என்னைச் சுற்றிச் சுற்றி வருவாள். அவள் கண்ணில் நான் எங்கேயோ பனியில் நின்றுகொண்டிருந்தேன். இங்கே வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்ற பெண்ணை அவள் பார்க்கவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

பிரான்சு போவதற்கான பேப்பர் வேலை முழுக்க அப்பாவின் பொறுப்பு. மாதத்துக்கு ஒருநாள், மில்லில் ஷிப்டு மாறும்போது, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு பையோடு, பேப்பர் விஷயமாகக் கடற்கரைப் பக்கமிருந்த பிரெஞ்சுத் தூதரக ஆபீசுக்குப் போவார். மத்தியானம் திரும்பி வருவார். அம்மா சொம்பில் தண்ணீரோடு வாசலிலேயே நிற்பாள்.

"என்ன சொன்னாங்க?"

"அடுத்த மாசம் வரச் சொன்னாங்க."

அம்மாவுக்கு அது போதும். அடுத்த மாதம் என்று ஒருவர் சொல்கிறார் என்றால் நம் பேப்பர் அவர் மேஜையில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

நான் பெரியவளானபோது மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கனகசெட்டிக்குளத்திலிருந்து வந்து என்ன சீர் செய்யட்டும் என்று கேட்டார். மீன் வியாபாரத்தில் அந்த வருஷம் அவருக்கு நல்ல காலம். குடம், குத்துவிளக்கு, தாம்பாளம் என்று மனசுக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தார். அம்மா ஒரே பேச்சில் கை விரித்துவிட்டாள். "பாத்திரம் பண்டமெல்லாம் வேணாம்டா. புடவை எடு, போதும்." மாமாவுக்கு முகம் விழுந்துவிட்டது. தாய்மாமன் கொடுக்கிற குடத்தை எந்த அக்கா வேண்டாம் என்பாள்? சாப்பிடாமல் எழுந்து போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

மற்ற வீடுகளில் பெண் பிறந்த நாளிலிருந்தே ஒவ்வொரு பாத்திரமாகச் சேர்ப்பார்கள். என்னோடு படித்த பெண்களின் வீட்டுப் பரணில் எவர்சில்வர் பாத்திரங்கள் செய்தித்தாளில் சுற்றி அடுக்கியிருக்கும். எனக்கென்று எங்கள் வீட்டில் ஒரு கரண்டிகூடக் கிடையாது. கேட்டால் அம்மா சிரிப்பாள். "உனக்கெதுக்குடி? நீ நேஷனாலிட்டி பொண்ணு."

எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு இருந்த மதிப்பை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் பிரஜையாக இருக்கிற பெண்ணைக் கட்டினால் மாப்பிள்ளையும் பின்னாலேயே பிரான்சு போய்விடலாம். அப்படிப்பட்ட பெண்ணுக்கு நகை கேட்க மாட்டார்கள், சீர் கேட்க மாட்டார்கள். கறுப்பா சிவப்பா என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். பேப்பர்தான் சீதனம். அம்மா என் கல்யாணத்துக்கு ஒரு குண்டுமணி சேர்க்காமல் நிம்மதியாகத் தூங்கினாள் என்றால் இந்தத் தைரியத்தில்தான்.

அந்தப் பிரஜை உரிமை எங்களுக்கு எப்படி வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு, அவர்கள் நாட்டுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்கள் வந்து கையெழுத்துப் போடலாம் என்று ஒரு கெடு கொடுத்தார்கள். நான் பிறப்பதற்கு முந்தைய சங்கதி. தாத்தா பழைய சொல்தா, அவர் போட்டார். பெரியப்பா போட்டார். அப்பாவுக்கு அப்போதுதான் மீசை முளைத்து மில்லில் வேலை கிடைத்திருந்தது. அவரும் போட்டார் என்பதுதான் எங்கள் குடும்பத்தின் அஸ்திவாரம்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு இடம் வந்தது. மூலக்குளத்துப் பையன். எலக்ட்ரிக் வேலை தெரிந்தவன், அங்கே போனால் நன்றாகச் சம்பாதிப்பான் என்றார்கள். அவனை நான் இரண்டு தடவை பார்த்திருந்தேன். ஒரு தடவை, எங்கள் வீட்டுக் கூடத்தில் அண்ணாந்து பார்த்து, "ஃபேன் போட கொக்கியே இல்லையே" என்றான். நான் சிரித்துவிட்டேன். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல இப்போது என்ன வெட்கம்.

பெரியப்பா ஊரில் இருக்கும்போதே நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தம். வீட்டுக்காரம்மாவிடம் ஜமக்காளமும் காப்பி டம்ளர்களும் இரவல் வாங்கினோம். பையன் வீட்டார் பத்துப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். பையனின் அப்பா நல்ல மனிதர், நேராகப் பேசுகிறவர். "நகை நட்டு, சீர் செனத்தி எதுவும் நாங்க கேக்கல. பேப்பர் மட்டும் எப்ப கைக்கு வரும்னு சொல்லிட்டீங்கன்னா, கல்யாண தேதிய அதுக்குத் தக்கனா வெச்சிக்கலாம்."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். "சொல்றா."

தாம்பூலத் தட்டு இரண்டும் நடுவில் தயாராக இருந்தன. அப்பா அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "தட்டு மாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றார். அவர் குரல் அவருடையது மாதிரியே இல்லை. "நான் அப்ப கையெழுத்துப் போடல."

யாருக்கும் புரியவில்லை. பெரியப்பாதான், "என்னடா சொல்ற? நம்ம அப்பாகிட்ட போட்டுட்டேன்னியே!" என்று கத்தினார்.

"வரிசையில நின்னேன்ணா. கையெழுத்துப் போட்டா வேல போயிடும்னு மில்லுல பேசிக்கிட்டாங்க. அப்பத்தான் சேந்திருந்தேன். பயந்துகிட்டுத் திரும்பி வந்துட்டேன். அப்பா கேட்டாரு. போட்டுட்டேன்னேன்."

"அப்ப இத்தன வருஷமா மாசாமாசம் எங்க போன?"

"கடற்கரைக்குத்தான். உக்காந்திருந்துட்டு வந்துடுவேன்."

அம்மா சமையலறை வாசலில் கையில் காப்பித் தட்டோடு அப்படியே நின்றாள். தட்டு சாயவில்லை, அவளும் அசையவில்லை. நல்லவேளை பையன் வீட்டார் ஒருவரும் சத்தம் போடவில்லை. பையனின் அப்பா கொஞ்ச நேரம் தொடையைத் தடவிக்கொண்டிருந்தார். பையனின் அம்மாதான் கடைசியில், குறை சொல்கிற குரலில் அல்ல, உண்மையிலேயே தெரிந்துகொள்கிற குரலில் கேட்டார்.

"அது இல்லன்னா போவட்டும் அண்ணி. பொண்ணுக்கு என்ன செஞ்சி வெச்சிருக்கீங்க?"

கேட்டுவிட்டு அந்த அம்மா வீட்டை ஒருமுறை பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்க என்ன இருந்தது? ஒரு நாற்காலி. அதில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். ஜமக்காளம் இரவல். டம்ளர் இரவல். சுவரில் ஒரு அலமாரி கிடையாது, பரணில் ஒரு குடம் கிடையாது. இருபது வருஷம் குடித்தனம் நடந்த வீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நேற்று வந்து நாளைக்குப் போகிறவர்கள் தங்கிய சத்திரம் மாதிரி இருந்தது. அம்மாவின் வாழ்நாள் சாமர்த்தியம் அத்தனையும் அந்த ஒரு பார்வையில் வெட்டவெளிச்சமாகிவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னைச் சந்தையில் நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது.

"வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்தார்கள். காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள், அந்த மரியாதையும் காட்டினார்கள். பையன் கடைசியாகப் போனான். செருப்பு மாட்டும்போது என் பக்கம் ஒருதரம் திரும்பினான். அதன் பிறகு அவர்களிடமிருந்து ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை.

பெரியப்பா அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிநேகிதர் வீட்டுக்குப் போய்விட்டார். அம்மா கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்தேன். அவள் இரவல் டம்ளர்களைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, அப்பாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேங்க."

"சொல்லத்தான் இருந்தேன். கல்யாணமான புதுசுலயே சொல்லணும்னு இருந்தேன். நீ வந்த மொத வருஷம் கட்டில் வாணாம்னு சொல்லிட்ட. சரி, அடுத்த வருஷம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அப்புறம் ஆட்டுக்கல்லு வாணாம்னுட்ட. ஃபேன் வாணாம்னுட்ட. நீ ஒவ்வொண்ணா வாணாம் வாணாம்னு சொல்லச் சொல்ல எனக்கு வாய் அடைச்சிப்போச்சி. இத்தனையும் விட்டுட்டு உக்காந்திருக்கறவகிட்ட எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு சொல்றது?"

அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னா புழுக்கம்" என்றாள். நான் பிறந்ததிலிருந்து அவள் வாயில் அந்த வார்த்தையைக் கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் அவளுக்கு இந்த ஊரில் வேர்க்க ஆரம்பித்தது.

எனக்கு அப்பா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு மாதம் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவர் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அவருடைய பயத்துக்கு நாங்கள் இரண்டு பேர் இருபது வருஷம் விசிறிக்கொண்டு கிடந்தோம். ஆனால் அன்றைக்குத் தட்டை மாற்றிவிட்டு, கல்யாணம் முடிந்த பிறகு அவர் சொல்லியிருக்கலாம், அவர் அப்படிச் செய்யவில்லை. அப்படி நடந்திருந்தால் மூலக்குளத்தில் என் கதி என்ன ஆகியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

தீபாவளிக்கு முன்னால் மில்லில் போனஸ் வந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா என்னை வாசலில் நின்று கூப்பிட்டார். "கெளம்பும்மா, கடைக்குப் போயிட்டு வரலாம்." அம்மா வரவில்லை. நேரு வீதிக் கூட்டத்தில் அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். ஒரு பாத்திரக் கடைக்குள் போனோம். தரையிலிருந்து கூரைவரைக்கும் எவர்சில்வர். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. அப்பா கடைக்காரரிடம் பெருமையாக, "பொண்ணுக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்கு என்ன வேணும்னு பாத்து எடும்மா" என்றார்.

நான் நின்றேன். குடம் இருந்தது, தூக்கு இருந்தது, அடுக்கடுக்காகச் சம்படங்கள் இருந்தன. கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் வைத்தார். நான் ஒவ்வொன்றையும் பார்த்து, "இது வேணாம்" என்றேன். அதுவும் வேண்டாம் என்றேன். எனக்குக் கோபம் எதுவும் இல்லை, வீம்பும் இல்லை. அந்தக் கடையில் எனக்குப் பிடித்தது எது என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன், பதில் வரவில்லை. வேண்டாதது எது என்று கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பேன். கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறு கிராக்கியைக் கவனிக்கப் போய்விட்டார்.

"எதையாவது கேளும்மா" என்றார் அப்பா. திரும்பவும், "ஏதாவது ஒண்ணு கேளேன்" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை பேருக்கு நடுவில், கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு, அவர் அழுதுகொண்டிருந்தார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்திலிருந்த ஒரு குடத்தைக் காட்டி, "இது வேணும்ப்பா" என்றேன். அவர் சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று கடைக்காரரைக் கூப்பிட்டார். எனக்கு அந்தக் குடம் பிடிக்கவே இல்லை.